கூடவே நகர்ந்த புள்ளி

செவ்வாய்க்கிழமை காலை வேங்கிக்கால் நிறுத்தத்தில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கையில் வழக்கம்போல ஒரு நூலகப் புத்தகம். என் வகுப்புத் தோழி ரெஹானா போன் செய்தாள்.

"மொழி, குமுதாக்கா போயிட்டாங்கடி."

"எங்க போனாங்க?" என்று கேட்டேன். அவள் அழத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. மூன்று வாரமாக அக்கா வேலூரில் மருத்துவமனையில் இருந்தார். சரியாகித் திரும்பி வந்துவிடுவார் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

நம் பள்ளியின் வேதியியல் ஆய்வக உதவியாளர் குமுதா அக்காவை, பள்ளி மலரில் இதைப் படிக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். சோதனைக் குழாயை உடைத்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் அவர் புகைப்படங்களிலிருந்து வேண்டாத புள்ளிகளையும் கறைகளையும் நீக்குவார் என்பது சிலருக்குத்தான் தெரியும். அன்று மதியம் தலைமையாசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை அஞ்சலிக் கூட்டம் வெச்சிருக்கோம். குமுதா படத்தப் பெருசா பிரேம் போடணும். நீதான் க்ளீன் பண்ணித் தரணும் தேன்மொழி. வேற யாருக்கும்மா அது தெரியும்?"

உண்மைதான். இந்தப் பள்ளியில் அந்த வேலை இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவருடைய படத்தை மற்றவர் சரிசெய்ய வேண்டியிருந்தது.

அந்த வேலையை நாங்கள் கற்ற விதத்தைச் சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உற்சாகம்தான் வருகிறது. அஞ்சலியில் இப்படி எழுதலாமா என்று யோசித்தேன். அக்கா இருந்திருந்தால், "எழுதுடி, அழுது வடியாத" என்றுதான் சொல்லியிருப்பார்.

போன வருடம் ஆண்டு மலருக்கான படங்களை அச்சகம் திருப்பி அனுப்பியது. பள்ளிக் கேமராவுக்குள் எப்போதோ ஒரு தூசு போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் எடுத்த படம் ஒவ்வொன்றிலும் மேலே இடது பக்கம் ஒரு சாம்பல் புள்ளி. எல்லாவற்றையும் துடைத்துத் தரச் சொன்னார்கள். ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா, "நான் பாக்கறேன் மேடம்" என்று சொல்லிவிட்டார். அவருக்கு அதில் ஒன்றுமே தெரியாது! நேரே நூலகத்துக்கு வந்து என் முன்னால் நின்றார்.

"ஏ புஸ்தகம், உனக்குப் படிச்சா எல்லாம் புரியும்ல? வா, லேப் கம்ப்யூட்டர்ல இன்னா எழுதியிருக்குதுன்னு படிச்சு சொல்லு. நான் அமுக்கறேன்."

அப்படித்தான் தொடங்கினோம். அவர் மவுஸைப் பிடிப்பார். நான் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து குறிப்புகளைப் படிப்பேன். முதலில் திறந்தது கபடி அணியின் படம். தூரிகை போன்ற ஒரு கருவி இருந்தது. அதைப் புள்ளியின் மேல் வைத்து அழுத்தினால், சுற்றியிருக்கும் நிறத்தைப் பார்த்து அதுவே நிரப்பிவிடும் என்று படித்தேன். அக்கா அழுத்தினார். வானத்தில் இருந்த புள்ளி காணாமல் போனது!

"போச்சு! போச்சு!" என்று இருவரும் கத்தினோம். ஆசிட் கொட்டிவிட்டது என்று நினைத்து இயற்பியல் மிஸ் ஓடிவந்தார். "ஒண்ணும் இல்ல மிஸ், வானம் சுத்தமாயிடுச்சு" என்றார் அக்கா.

எல்லாம் அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. இன்னொரு கருவி, நாம் காட்டும் இடத்தில் இருப்பதை எடுத்து வேறு இடத்தில் ஒட்டும். கணக்கு சாரின் படத்தில் நெற்றியில் ஒரு கீறல் இருந்தது. கன்னத்துத் தோலை எடுத்து அங்கே ஒட்டலாம் என்று பெரிய தூரிகையை வைத்தோம். அது கன்னத்தோடு சேர்த்துக் கண்ணையும் எடுத்துவிட்டது. சாரின் நெற்றி நடுவில் ஒரு கண்! நான் பயந்துபோனேன். அக்கா மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். "இருக்கட்டும்டி, நெத்திக்கண்ணு சாமி இருக்கற நம்ம ஊருக்குப் பொருத்தமாத்தான் இருக்குது."

சிரித்து முடித்ததும் தூரிகையை மிகச் சிறியதாக்கினார். பியூரெட் குழாயிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடும் சோதனையை ஆயிரம் முறை செய்த கை அது. "குழாயத் தொறந்து வுட்ட மாதிரி ஊத்தாத. சொட்டு சொட்டா வை. ஒவ்வொரு சொட்டுக்கும் நின்னு பாரு." பெரிய கறையைச் சின்னச் சின்னத் தொடுதல்களாக நீக்க வேண்டும் என்று இணையத்தில் பிற்பாடு படித்தேன். அக்கா அதை முன்பே கண்டுபிடித்திருந்தார்!

பிறகுதான் அந்தப் பெரிய தவறு நடந்தது. கார்த்திகை தீபம் ஏற்றிய நான்காம் நாள் மாலை, பள்ளி மைதானத்தில் மாணவிகள் அகல் விளக்கு ஏற்றும் படம் அது. பின்னால் மலை. மலரின் பின் அட்டைக்கு அதைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தூசுகளை ஒன்றுவிடாமல் பிடிக்க வேண்டும் என்ற வேகத்தில் படத்தை மிகப் பெரிதாக்கி வைத்திருந்தோம். அந்த அளவில் மலை வெறும் கறுப்புக் கட்டங்களாகத் தெரிந்தது. "அக்கா, இதோ இன்னொண்ணு" என்று ஒரு சின்ன மஞ்சள் புள்ளியைக் காட்டினேன். அக்கா அழுத்தினார். போனது. சேமித்துவிட்டு அச்சகத்துக்கு அனுப்பினோம்.

அச்சகத்திலிருந்து வந்த மாதிரித் தாளைத் தலைமையாசிரியை எங்கள் முன்னால் விரித்தார்.

"மலை உச்சியப் பாருங்க. தீபம் எங்க?"

மலை உச்சியில் பதினோரு நாள் எரியும், ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்ளும் வெளிச்சத்தை நாங்கள் அழுக்கு என்று துடைத்திருந்தோம்.

"இந்த ஊர்ல உக்காந்துகிட்டு இதச் செஞ்ச மொத ஆளுங்க நீங்கதான்!" என்றார் அவர்.

"நான்தான் மேடம் மவுஸ் புடிச்சிருந்தேன். அந்தப் பொண்ணு படிச்சுச் சொன்னதோட சரி" என்றார் அக்கா. புள்ளியைக் காட்டியது நான் என்று அவர் சொல்லவே இல்லை. வெளியே வந்ததும் நான் அழுதேன். அவர் என் முதுகில் ஒன்று வைத்தார். "மெமரி கார்டுல அசல் பத்திரமா இருக்குது. வா, ஏன் தப்பாச்சுன்னு பாப்போம்."

அதே மாலையில் எடுத்த அடுத்த படத்தைத் திறந்தார். கேமரா கொஞ்சம் வலப்பக்கம் திரும்பியிருந்த படம் அது. சாம்பல் புள்ளி பழையபடி மேலே இடது மூலையில் இருந்தது. மலை இடப்பக்கம் தள்ளியிருந்தது. மஞ்சள் புள்ளியும் மலையோடு தள்ளி, அதன் உச்சியிலேயே இருந்தது. அக்கா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"பாத்தியா! தூசு கேமராவோடது, அது எடத்த வுட்டு நகராது. தீபம் மலையோடது, மலை கூடவே போவுது! ஒரே ஒரு அளவ வெச்சு முடிவு பண்ணிட்டோம், அதான் தப்பு. ரெண்டாவது அளவு எடுக்காம எந்தப் பொண்ணையாவது லேப்ப வுட்டு அனுப்பியிருக்கனா நானு?"

அன்று முதல் எந்தப் புள்ளியைத் தொடுவதற்கு முன்பும் அவர் ஒரே கேள்விதான் கேட்பார்: "கூட நகருதா?" நகர்ந்தால் தொடக் கூடாது. அந்தக் கேள்வியால் ஆறாம் வகுப்பு சங்கீதாவின் மூக்குத்தி தப்பியது. ஆடிப்போன படங்களையும் அவர் அழிக்க விடமாட்டார். "கெட்டுப்போன படந்தான் நம்ம ரெண்டாவது அளவு. வெச்சிரு" என்பார்.

மலர் அச்சாகி வந்த நாளில் ஆய்வக வாசலில் அக்காவை நான் இரண்டு படம் எடுத்தேன். முதல் படத்தில் வாய்விட்டுச் சிரிக்கிறார். இரண்டாவது எடுக்கும்போது, "போதும் போதும், போய்ப் படி" என்று முகத்தைத் திருப்பிவிட்டார். அதனால் அது கலங்கிப்போனது.

அஞ்சலிக் கூட்டத்துக்கு அந்த முதல் படத்தைத்தான் எடுத்தேன். அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து நானே மவுஸைப் பிடித்தேன். மூலையில் விழுந்திருந்த ஆரஞ்சு நிறத் தேதியைச் சொட்டுச் சொட்டாக எடுத்தேன். மேலே இருந்த கேமராத் தூசு ஒரே தொடுதலில் போனது. லென்ஸில் பட்ட மழைத்துளி தோளின் மேல் விட்டிருந்த கறையும் போனது. பிறகு அக்காவின் வலது தாடைக்குக் கீழே மிளகு அளவுக்கு ஒரு கறும்புள்ளியைப் பார்த்தேன்.

அது கறையா, மச்சமா? எனக்குத் தெரியவில்லை! ஒரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் எப்போதும் இடப்பக்கம்தான் உட்கார்ந்தேன். பார்த்ததெல்லாம் திரையைத்தான். எத்தனையோ பேர் முகத்திலிருந்த புள்ளிகளை எண்ணியவள், அக்காவின் முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. ரெஹானாவைக் கேட்டேன். "ஞாபகமே இல்லடி" என்றாள். தலைமையாசிரியைக்கும் நினைவில்லை. "அழிச்சிடும்மா, முகம் நீட்டா இருக்கட்டும். பிரேம்காரர் சாயந்தரம் வந்துடுவாரு" என்றார். அக்காவின் வீட்டுக்குப் போன் செய்து அந்த நேரத்தில் இதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

தூரிகையைப் புள்ளியின் மேல் வைத்தேன். ஒரு தொடுதல்தான். அப்போது, "கூட நகருதா?" என்ற கேள்வி எனக்குள் கேட்டது.

கலங்கிப்போன அந்த இரண்டாவது படத்தைத் தேடித் திறந்தேன். மூக்கு எது, வாய் எது என்றுகூடத் தெளிவாக இல்லை. கேமராத் தூசு அதே இடத்தில் அசையாமல் இருந்தது. ஆனால் தாடைக்குக் கீழே இருந்த கறும்புள்ளி, அக்கா முகத்தைத் திருப்பிய பக்கமாக, முகத்தோடு சேர்ந்து ஒரு சின்னக் கோடாக இழுபட்டிருந்தது.

"நகருதுக்கா!" என்று கத்திவிட்டேன். கத்திக்கொண்டே பக்கத்தில் திரும்பினேன். நான் எப்போதும் உட்காரும் நாற்காலி காலியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு அக்காவின் அம்மா வந்திருந்தார். மாலை போட்ட படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு வலது தாடைக்கு நேராகக் கண்ணாடியின் மேல் விரலை வைத்தார்.

"இந்த மச்சத்த வெச்சிருக்கீங்களே" என்றார். "கண்ணாலத்துப் போட்டோல ஸ்டூடியோக்காரன் அழகா இருக்கட்டும்னு எடுத்துட்டான். எங்க வூட்ல இருக்கற படம் எல்லாமே அப்ப எடுத்ததுதான், எதுலயும் இது இல்ல. யாரு செஞ்சது கண்ணு?"

ரெஹானாதான் என்னை முன்னால் தள்ளிவிட்டாள்.

சட்டம் போட்ட படத்தை அன்றே அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். கலங்கிப்போன இரண்டாவது படம் என்னிடம் இருக்கிறது. அதில் மழைக்கறை இருக்கிறது, தேதி இருக்கிறது, கேமராத் தூசு இருக்கிறது, "போதும் போதும்" என்று திரும்புகிற அக்கா இருக்கிறார். அதில் நான் ஒரு சொட்டுகூட வைக்கவில்லை.