வெயில் காட்டிய ஒயின்

என் மேசை இழுப்பறையில் பாதியாக உடைந்த ஒரு தக்கை கிடக்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் இன்றும் அந்துருண்டை வாடைதான் முதலில் வரும், புளித்த வாடை அதற்குப் பிறகு. ஒயின் பாட்டிலின் தக்கையில் அந்துருண்டை மணக்கிறது என்றால் அது ஆரணியில் இருந்த பாட்டிலாகத்தான் இருக்க முடியும். பெரியப்பா வீட்டுப் பட்டுப் பீரோவில், அக்காவின் கல்யாணப் புடவைக்குப் பக்கத்தில், அது முப்பது வருஷமாவது நின்றிருக்கும்.

பெரியப்பா பட்டு வியாபாரி. வெற்றிலைகூடப் போடாதவர். அவருடைய ஒரே மகள்தான் நான் அக்கா என்று சொல்வது. அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய சமயத்தில், புதுச்சேரி வழியாக ஒரு பிரெஞ்சுக்காரர் துணி வாங்க வந்துபோய்க் கொண்டிருந்தார். அக்கா பிறந்த வருஷத்துத் திராட்சையில் செய்த சிவப்பு ஒயின் என்று சொல்லி ஒரு பாட்டிலைக் கொடுத்தார். மகளின் கல்யாணத்தன்று திறப்பது அவர்கள் ஊர் வழக்கமாம், அதுவரை பத்திரமாக வையுங்கள் என்றார். பத்திரம் என்றால் எங்கள் வீடுகளில் பட்டுப் பீரோதான், வேறு இடம் யாருக்கும் தோன்றாது.

பட்டை மடித்தபடியே விட்டுவிட்டால் மடிப்பில் இற்றுப்போகும். வருஷத்துக்கு ஒருமுறையாவது எடுத்து உதறி, வெயில் காட்டி, மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். அக்காவுக்கென்று நெய்து வைத்த அரக்குச் சிவப்புப் புடவைக்கு இந்த வேலையைப் பெரியப்பாவே செய்வார். மாடியில் பாய் விரித்துப் புடவையைப் போட்டு, பக்கத்திலேயே அந்த பாட்டிலையும் நிறுத்துவார். புடவையைத் திருப்பிப் போடும்போது பாட்டிலையும் ஒரு குலுக்குக் குலுக்குவார். “உள்ளயே புழுங்கிகினு கெடந்தா கெட்டுடும் பாரு” என்பார். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. வெயில், குலுக்கல், மேல்மாடி அறையின் வெக்கை, படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்தது என்று ஒயினுக்கு ஆகாதது அத்தனையையும் அவர் பாசத்தோடு செய்தார் என்பது, பிற்பாடு நான் அந்தத் தொழிலுக்குப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அக்காவுக்கு வரன்கள் வந்தன. வந்தவாசியிலிருந்து வந்தவனுக்குப் படிப்புப் போதவில்லை, சேத்துப்பட்டுக்காரனுக்கு நிறம் போதவில்லை. அக்காவே ஒருமுறை வாய் திறந்தாள். சேவூரில் ஒரு வாத்தியார், வேறு சாதி. “இன்னும் நல்ல எடமா வரும், இன்னா அவசரம்?” என்று மட்டும் பெரியப்பா சொன்னார். அவள் மறுபடி கேட்கவில்லை. எவ்வளவு அடக்கமான பெண் என்று தெருவே மெச்சியது. அந்த மெச்சலை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் புதுச்சேரி ஓட்டல் ஒன்றில் ஒயின் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்ததும் பெரியப்பா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். அக்கா மட்டும் அவருக்குத் தெரியாமல் போன் செய்வாள். “அந்த பாட்டிலு இன்னா ருசிடி இருக்கும்?” என்று கேட்பாள். “உன் கல்யாணத்துல நானே தொறந்து ஊத்தறேன்க்கா” என்பேன். சிரித்துக்கொண்டே வைத்துவிடுவாள்.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், உடலாகத்தான் திரும்பி வந்தாள். பெரியப்பா பீரோவைத் திறந்து அந்தப் புடவையை எடுத்துவந்து அவள்மேல் போர்த்தினார். ஒரு மடிப்பில்கூட இழை விட்டிருக்கவில்லை. நெய்த அன்று இருந்த சிவப்பு அப்படியே இருந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

வருஷத் திதி முடிந்த பிறகு அவரே என்னை அழைத்தார். “நீ வந்து அத்த பாத்துட்டுப் போம்மா.” எதை என்று நான் கேட்கவில்லை.

பட்டின் சாயம் பார்ப்பதுபோலவே எல்லாம் ஏற்பாடு செய்திருந்தார். பகல் வெளிச்சம் விழும் வாசலோரம் வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் பாட்டிலை வைத்திருந்தார். ஒயினையும் வெள்ளைக்கு நேரே பிடித்துத்தான் பார்ப்பது வழக்கம். ஒயினின் மட்டம் பாட்டிலின் கழுத்திலிருந்து வெகுவாக இறங்கியிருந்தது. தக்கை எடுக்கும் திருகைச் செருகியதும், காய்ந்திருந்த தக்கை பாதியில் உடைந்தது. மீதி உள்ளே உதிர்ந்துவிட, கண்ணாடி டம்ளரில் வடிகட்டி ஊற்றினேன். வயதான சிவப்பு ஒயின் ஓரத்தில் செங்கல் நிறத்துக்குத் திரும்பும், அது குறையல்ல. இது புளிக்கரைசல் நிறத்தில் இருந்தது. சுழற்றி மோந்தேன். காடி வாடை, அடிப்பிடித்த வெல்லப்பாகின் வாடை, அவ்வளவுதான். ஒரு வாய் எடுத்து நாக்கில் புரட்டினேன். பழம் இல்லை, துவர்ப்பு இல்லை, வெறும் புளிப்பு. வேலையில் என்றால் துப்பியிருப்பேன். அவர் எதிரில் விழுங்கினேன்.

“மழுப்பாம சொல்லு. கெட்டுப் பூட்ச்சா?”

“கெட்டுடுச்சு, பெரியப்பா.”

கொஞ்ச நேரம் வேட்டியின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார். “அவ அந்த வாத்தியாரு விஷயம் கேட்டாளே, அப்ப தொறந்திருந்தா நல்லா இருந்திருக்குமா?”

அதுவரை அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை. ஆம் என்றால் ஒரு விதமாகக் குத்தும், இல்லை என்றால் வேறு விதமாக. எனக்கு இரக்கம் வந்தது, கோபமும் வந்தது, கோபம்தான் முந்திக்கொண்டது. “அதுக்கு முன்னாடியே போயிருக்கும். வந்த ரெண்டு மூணு கோடையிலயே போயிருக்கும். நீங்க வெயில் காட்டினீங்களே, அதுலதான்.”

“நான் பத்திரமாதானேம்மா வச்சிருந்தேன்” என்றார்.

அவர் கை நீட்டி டம்ளரை வாங்கினார். வாழ்நாளெல்லாம் மதுவின் வாடைகூடப் பிடிக்காத மனிதர், முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டு வரை குடித்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். கிளம்பும்போது உடைந்த தக்கையை என் பையில் போட்டுக்கொண்டேன்.

பெரியப்பாவும் இப்போது இல்லை. சென்ற மாதம் ஓட்டலில் ஒரு விருந்தினர் பழைய போர்தோ சிவப்பு ஒயின் ஒன்றைக் கேட்டார். குளிரறையிலிருந்து எடுத்துவந்து துடைக்கும்போதுதான் லேபிளில் வருஷத்தைப் பார்த்தேன். அக்கா பிறந்த வருஷம். தக்கை ஈரமாக, முழுசாக வந்தது. வழக்கப்படி முதலில் நான் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தேன். ஓரத்தில் மட்டும் செங்கல் நிறம், நடுவில் இன்னும் சிவப்பு. மழை விட்ட மண், காய்ந்த இலை, அடியில் பேரீச்சம்பழம். விழுங்கிய பிறகும் வெகுநேரம் வாயில் நின்றது. “எப்படி இருக்கிறது?” என்று விருந்தினர் கேட்டார். உயிரோடு இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் இழுப்பறையைத் திறந்து, அந்துருண்டை மணக்கும் அந்தத் தக்கையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் போனில் கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருந்தது. நல்லா இருந்திருக்கும்க்கா. ரொம்ப நல்லா இருந்திருக்கும்.