கொடி கட்டாத மோட்டார்

பரீட்சைக்கு முந்தைய விடுமுறையில் எனக்கு வாய்த்த வேலை, மச்சு அறைச் சன்னலோரம் உட்கார்ந்து சிவப்புத் துணிகளை எண்ணுவது. நான்கு தெரிந்தால் பாடத்துக்குத் திரும்பலாம். ஐந்து தெரிந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு மாசி வெயிலில் வயலுக்கு இறங்க வேண்டும். எழுபதுகளின் நடுப்பகுதி அது. மலையாள நாட்டு எல்லையில், நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே எங்கள் வயல்வெளியில், ஏழு கிணறுகளின் ஏழு மோட்டார்களும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரை நம்பி இருந்தன.

அதற்கு முந்தைய கோடையில், அங்கே இருந்த பழைய டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோனது. ஏழும் சேர்ந்து ஓடும்போது அதன் ஃபியூஸ் அடிக்கடி போகும். போகாமல் இருக்கட்டும் என்று எங்கள் ஆட்கள் மெல்லிய கம்பியை எடுத்துவிட்டுத் தடித்த கம்பியை முறுக்கிக் கட்டினார்கள். உருகவேண்டிய கம்பி உருகவில்லை. உள்ளே இருந்த சுருள் வெந்தது. மாற்று வந்து சேர்வதற்குள், பால் பிடித்த நெல் நின்ற நிலையிலேயே காய்ந்தது. புதியதை ஏற்றிவிட்டு இறங்கிய லைன்மேன், ஒரு மலையாளி, சுற்றி நின்றவர்களிடம் சலிப்போடு சொன்னார்:

"நாலு மோட்டர் ஓடட்டும். அஞ்சு ஓடினா எண்ணெய் சூடாகும். சூடானா இது இரையும். இனியும் தடிச்ச கம்பி கட்டினா, அபேட்சை மனு எழுதிக் குடுத்துட்டு அடுத்த வருசம் வரைக்கும் காத்திருக்கணும், கேட்டோ."

அதன் பிறகுதான் முறை வைத்தார்கள். யாருடைய மோட்டார் ஓடுகிறதோ அவர் தம் மோட்டார் அறையின் மூங்கிலில் சிவப்புத் துணியை ஏற்றவேண்டும். ஏழு மூங்கில்களும் தெரியும் இடம் எங்கள் மச்சு ஒன்றுதான். நான் யாரோடும் சண்டைக்குப் போகாதவள் என்பதால் எண்ணும் வேலை என்னிடம் வந்தது. வடக்கு வயல்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஏனுங்க அம்மிணி, நாலு வரைக்கும் எண்ணறதுக்குத்தான் காலேசுல சேத்துனாங்களா?" என்பார். நான் சிரித்துவைப்பேன்.

முறையில் ஒரு குறை இருந்தது. அது எங்கள் தலையில் விழுந்தது. எங்கள் கிணற்றில் ஊற்றுக் குறைவு. விடியற்காலை முறையில் ஒரு மணி நேரம் இறைத்தால் தரை தெரியும். மறுபடி ஊறி நிற்கும்போது மதியம் ஆகிவிடும்; மதியம் எங்கள் முறை இல்லை. கீழ்வயல் வெடிக்கத் தொடங்கியிருந்தது. அப்பா சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துபோனார். அம்மா தட்டை எடுத்து மூடிவைத்தாள்.

ஒரு மதியம், மேசைமீதிருந்த மின்சாரக் காற்றாடி தளர்ந்தது. எங்கள் வீட்டுக்கும் அதே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்துதான் கரண்ட் வந்தது. நான்கு மோட்டார்கள் ஓடும்போது அது எவ்வளவு மெதுவாகச் சுற்றும் என்பது எனக்குப் பழகியிருந்தது. இது அதனினும் மெதுவாக, இறக்கைகளைத் தனித்தனியே எண்ணலாம் போலச் சுற்றியது. வெளியே எண்ணினேன். நான்கு துணிகள். மறுபடியும் எண்ணினேன். நான்குதான்.

கொடி கட்டாமல் ஒரு மோட்டார் ஓடுகிறது என்பது புரிந்தது. எது என்பதும் ஓரளவு புரிந்தேயிருந்தது. ஆனாலும் மற்ற இரண்டு மோட்டார் அறைகளுக்குத்தான் முதலில் போனேன், இரண்டும் பூட்டியிருந்தன. வழியில் பனைமரங்களுக்கு அருகே டிரான்ஸ்ஃபார்மர் இரைந்துகொண்டிருந்தது. சூடான எண்ணெயின் வாசனை வேலிக்கு இப்பால் வரை வந்தது.

எங்கள் மோட்டார் அறை வாசலில் அப்பா குந்தியிருந்தார். பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் கீழ்வயலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"வந்துட்டியா அம்மிணி," என்றார். "ஒரு மணி நேரந்தான் கண்ணு. ஊறுன தண்ணி சும்மா கெடக்குது. நீ பாக்காத மாதிரி ஊட்டுக்குப் போயிரு."

"அது இரையுதுங்கப்பா."

"இரைஞ்சா இரையுது. கீழ்வயலு போச்சுன்னா வருசத்துக்கும் சோத்துக்கு என்ன பண்றது, சொல்லு."

அவர் சொன்னது பொய்யில்லை. எண்ணெய் வாசனையும் பொய்யில்லை. வாதாடத் தெரியாதவள் நான். உத்தரத்தில் மடித்துச் செருகியிருந்த சிவப்புத் துணியை எடுத்தேன். மூங்கிலைச் சாய்த்து, நுனியில் இரண்டு முடிச்சுப் போட்டு, மறுபடி நிறுத்தினேன். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். தடுக்கவில்லை.

வரப்பில் முதலில் வந்தவர் வடக்கு வயல்காரர். தூரத்திலிருந்தே, "ஏனுங்க, மதியத்துல உங்க கொடியுமா? அஞ்சாச்சே! அம்மிணிக்கு எண்ணிக்கை மறந்துபோச்சுங்களா?" என்றார். கிட்டே வந்து, ஓடும் மோட்டாரையும் எங்கள் இருவரையும் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது.

அப்பா எழுந்தார். "அதுக்கு மறக்கலைங்க. எனக்குத்தான் மறந்துபோச்சு," என்றார். உள்ளே போய் ஸ்டார்ட்டரின் சிவப்புப் பொத்தானை அழுத்தி மோட்டாரை நிறுத்தினார். வாய்க்காலில் தண்ணீர் மேலும் கொஞ்ச தூரம் நகர்ந்து, கீழ்வயலை எட்டாமல் மண்ணில் இறங்கியது.

மறுநாள் வடக்கு வயல்காரர் தம் மதிய முறையில் அரை மணி எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். அதில் மேல்வயல் பிழைத்தது. கீழ்வயலுக்கு அது போதவில்லை. அறுப்பின்போது கதிரை உள்ளங்கையில் தேய்த்து ஊதினால் பதரே பறந்தது. மாட்டுக்கு வைக்கோல் ஆயிற்று என்று அம்மா சொன்னாள். டிரான்ஸ்ஃபார்மர் அந்தக் கோடையைத் தாண்டியது.

விடுமுறை முடியும்வரை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் மச்சுப்படியின் கீழே நின்று அப்பா ஒன்று மட்டும் கேட்பார்:

"காத்தாடி ஒழுங்காச் சுத்துதா, அம்மிணி?"

"சுத்துதுங்கப்பா," என்பேன். அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போவார். நான் சன்னலுக்குத் திரும்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன்.