தோட்டக் கம்பெனியில் என் பாபா

எங்கள் கடலோர ஊரான காபெஸில் தோட்டக் கம்பெனி என்று சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். தொழிற்சாலைப் புகையை எதிர்த்து ஊரே தெருவுக்கு வந்தபோது, முன்னால் நின்றவர்களில் சிலருக்கு அதில் வேலை கொடுத்தார்கள். காலையில் போய்க் கையெழுத்துப் போட்டால் ஒரு தொப்பியும் மண்வெட்டியும் கிடைக்கும். பிறகு காபிக் கடையில் உட்கார்ந்து சீட்டாடலாம். சம்பளம் அதே தொழிற்சாலையிலிருந்துதான் வரும்.

என் பாபா, அதாவது அப்பா, லஸ்ஹரும் அப்படி வேலை வாங்கியவர். ஆனால் அவர் மட்டும் உண்மையாகவே மரம் நட்டார்.

அதற்கு முன்பு அவர் மீன் பிடித்தார். கடலின் அடியில் தொழிற்சாலைக் கழிவு கறுப்புச் சேறாகப் படிந்து, வலை வெறுமையாக வரத் தொடங்கியதும் ஊர்வலங்களில் இறங்கினார். ஐந்து வயதில் அவர் தோளில் உட்கார்ந்துதான் நான் கோஷம் போடக் கற்றேன். தம்பி பிறந்ததும் நிதால் என்று பெயர் வைத்தார். போராட்டம் என்று பொருள்.

மூன்று வயதில் நிதாலுக்கு மூச்சிரைப்பு வந்தது. மாதாமாதம் வாயால் இழுக்கும் மருந்து வேண்டும். பாபா கம்பெனியில் கையெழுத்துப் போட்டார். அதன்பின் ஊர்வலத்துக்குப் போகவில்லை.

தொழிற்சாலைச் சாலையோரம் மாதுளங்கன்றுகள் நட்டார். மூன்று மாதத்தில் இலை கருகிவிடும். பிடுங்கிவிட்டு அதே குழியில் வேறு கன்று வைப்பார்.

"லஸ்ஹர் ஐயா, உங்களுக்கு மட்டும் தனிச் சம்பளமா?" என்று கடையிலிருந்து கேட்பார்கள். "நீங்க இப்படி வெட்டினா எங்க பொழப்பு என்ன ஆகறது?"

"உக்காந்தே இருந்தா முதுகு வலிக்குதுப்பா" என்பார் பாபா.

பதினாறு வயதில் ஒலிபெருக்கியை நான் கையில் எடுத்தேன். போ என்றும் அவர் சொன்னதில்லை, போகாதே என்றும் சொன்னதில்லை.

இந்த ஆண்டு பள்ளி திறந்த சில வாரங்களில் தொழிற்சாலையிலிருந்து விஷவாயு கசிந்தது. நிதாலின் வகுப்பில் பாதிப் பேர் மயங்கி விழுந்தார்கள். அவன் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அடுத்த ஊர்வலத்தில் நான் பேசியதை யாரோ படம் எடுத்துப் போட, ஊர் முழுக்கப் பார்த்தது.

மறுநாள் சாப்பிடும்போது பாபா ரொட்டியைப் பிய்த்தபடி சொன்னார். "மேஸ்திரி முன்ஜி உன்னப் பத்திக் கேட்டான், ரிஹாப்."

"என்ன கேட்டான்?"

"பள்ளிக்கூடம் முடிச்சிட்டுச் சும்மாதானே இருக்கா, கம்பெனியில வேலை வேணுமான்னு."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "வேணாம்னா?"

"வேணாம்னா எனக்கும் வேலை இல்லையாம்."

பன்னிரண்டு வயது நிதால்தான் முதலில் வாயைத் திறந்தான். "வேணாம்னு சொல்லுக்கா. நான் மருந்தப் பாதி பாதியா இழுத்துக்கறேன்."

பாபா எழுந்து வெளியே போய்விட்டார்.

இரண்டு நாள் யோசித்தேன் என்று எழுதினால் அது பொய். நிதால் படியேறி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். திங்கட்கிழமை கம்பெனிப் பதிவேட்டில் பாபாவின் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. தன் கையுறைகளைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை நாங்கள் குழி தோண்டிக்கொண்டிருந்தபோது ஊர்வலம் அந்த வழியாக வந்தது.

"ரிஹாப், தொப்பி நல்லா இருக்கு" என்று ஒருத்தி கத்தினாள். போன வாரம் என் பக்கத்தில் நடந்தவள்.

அவளுக்கு முன்னால் ஒலிபெருக்கியோடு நிதால் வந்தான். புத்தகப் பையைக்கூட இறக்காமல் பள்ளியிலிருந்து நேராக வந்திருந்தான். "கடல எங்களுக்கு" என்பான், இருமுவான், "திருப்பிக் குடு" என்பான். கூட்டம் அவனுக்காகக் காத்திருந்து பதில் சொன்னது. எங்கள் பக்கம் அவன் திரும்பவில்லை.

பாபா மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். "மருந்து கையில வெச்சிருக்கானா?"

"தெரியல பாபா."

பத்தடி ஓடிப் போய்க் கேட்டிருக்கலாம். தொழிற்சாலை வாசலில் முன்ஜி நின்று எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான். பாபா குனிந்து குழிக்குள் மண்ணைத் தள்ளினார். நான் கன்றைப் பிடித்துக்கொண்டேன்.