காஜா பெராங்கில் கூடுதலாக ஓர் இலை

தை பிறக்க இரண்டு நாள் இருந்தது. மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்தபின் வந்த முதல் பொங்கல். காலை ஆறரைக்குக் கோலாலம்பூரில் பேருந்து ஏறினோம். மலாக்கா தொண்ணூறு மைல். நான் கொசு ஆராய்ச்சி செய்பவன். பக்கத்தில் ராஜம். ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஊரோடு பேசக் கற்றுக்கொடுக்க எங்கள் ஆய்வுக்கூடம் அமர்த்திய ஆசிரியை. சிரம்பான் வருவதற்குள் என் உரையில் பாதியை அடித்துவிட்டார்.

"சார், ஒட்டுண்ணின்னா யாருக்கு லா புரியும்? காய்ச்சல்னு சொல்லுங்க."

பதினொரு மணிக்கு மலாக்காவின் ஜாலான் துக்காங் எமாஸ் தெரு. பிள்ளையார் கோயில் அருகே பத்துக் காசுத் தேநீர் குடித்துவிட்டு, கடைக்காரர்களிடம் தமிழில் பேசினேன். வீட்டுச் சுவரில் கொசு மருந்தடித்தால் காய்ச்சல் குறையும் என்றதும் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

மாலை நான்குக்கு ஊரின் இன்னொரு பகுதியான காஜா பெராங். காய்ச்சல் அதிகம் இருந்தது இங்கேதான். இங்குள்ளவர்கள் மருந்தடிக்கக் கதவைத் திறக்காவிட்டால் நாங்கள் வந்ததே வீண். பல தலைமுறைக்கு முன் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய மலாக்கா செட்டிகள் இவர்கள்; பெயர் பிள்ளை, நெற்றியில் திருநீறு, வீட்டில் பேசுவதோ மலாய். அது தெரியாமல் ஐந்து நிமிடம் தமிழில் முழங்கினேன். மரியாதையாகக் கேட்டார்கள், ஒருவருக்கும் புரியவில்லை. ராஜம் தடுக்கவில்லை. பட்டுத் தெரியட்டும் என்று விட்டிருப்பார்.

மலாய்க்கு மாறி, நாளைக்கே மருந்தடிக்கிறோம் என்றேன்.

"தா போலே," முடியாது என்றார் நாங்கள் கூடியிருந்த வீட்டுக்கார அம்மா மீனாட்சி. நாளை போகி. வீடுதோறும் முன்னோருக்கு வாழையிலையில் சோறும் மீனும் படைத்து, அவர்கள் வந்து உண்ணட்டும் என்று எல்லோரும் அறையை விட்டு விலகி நிற்பார்களாம்.

மருந்தால் மனிதருக்குக் கெடுதல் இல்லை என்று ஆரம்பித்தேன். அவர் மலாயிலேயே குறுக்கிட்டார். "மருந்து வாடை அடிச்சா அவங்க வந்து சாப்பிடுவாங்களா?"

எல்லாக் கேள்விக்கும் ராஜம் பதில் தயாரித்துக் கொடுத்திருந்தார், இதைத் தவிர.

"தெரியாதும்மா," என்றேன். "எனக்குக் கொசுவைத்தான் தெரியும். எங்கம்மா ரப்பர் தோட்டத்துல வேலை செஞ்சப்போ இதே காய்ச்சல் வந்து போயிட்டாங்க. அதனாலதான் இந்த வேலைக்கு வந்தேன்."

அது என் தாளில் எழுதாதது.

"அவங்க பேரென்ன?" என்றார் மீனாட்சி அம்மா.

"அஞ்சலை."

"நாளைக்கு இங்க சாப்பிட வாங்க. பொங்கலுக்கு மறுநாள் மருந்தடிங்க. கதவைத் திறக்கச் சொல்றது என் பொறுப்பு."

போகியன்று பகல் போனோம். அறையில் வரிசையாக இலைகள்; ஓரத்தில் ஒன்று தனியாக, அதிலும் மீன், அதிலும் பலகாரம். யாருக்கு என்று கேட்டேன்.

"அஞ்சலைக்கு."

கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

பொங்கலுக்கு மறுநாள் ஒரு வீடு பாக்கியில்லாமல் கதவு திறந்தது. அந்தத் தெருவுக்கு நான் என்றும் நன்றி உள்ளவன். எங்கள் வீட்டில் அம்மாவுக்கென்று இலை போட்டு வெகுகாலம் ஆகிறது. முன்பின் அறியாதவர்கள் போட்டார்கள்.

மாலைப் பேருந்தில் கோலாலம்பூர் வரும்வரை ராஜத்திடம் அம்மாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். அவர் ஒரு திருத்தமும் சொல்லவில்லை.