சாவியக்காவின் வயிற்றெரிச்சல்

இன்று யாரைப் பார்த்தேன் தெரியுமா? சாவியக்காவை! கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் பழைய மாடி விடுதியில், இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க நடமாடுவாரே, அவரேதான். "எனக்கு வந்த வயித்தெரிச்சல் வேற எவளுக்கும் வந்திருக்காது" என்று சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னார். கேட்டதிலிருந்து மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. சொல்லிவிடுகிறேன்.

விடுதி அவருடைய நாத்தனாருடையது. கல்யாணமாகி வந்த கையோடு சாவிக்கொத்து சாவியக்காவின் இடுப்பில் ஏறியது. அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. கடலைப் பற்றிக் கேட்டால், மொட்டை மாடியில் காய்ந்து விறைத்த விரிப்பை உதறும்போது கையில் பிசுபிசுக்கிற உப்பு, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். வெளியே போகாதவர் இல்லை. மருந்து வாங்கப் போவார், மகளின் பிரசவத்துக்குப் போவார், துக்கம் கேட்கப் போவார். காரணம் முடிந்ததும், மேயவிட்ட மாடு தொழுவத்துக்கே திரும்பிய மாதிரி வந்துவிடுவார்.

போன மாதம் ஒரு காலையில் தோளில் ஒரே ஒரு பையோடு ஒரு பெண் படியேறி வந்தாள்.

"ரூம் கிடைக்குமா?"

"பின்னாடி யாரு வர்றாங்க?"

எந்தப் பெண் வந்தாலும் சாவியக்கா முதலில் கேட்பது இதைத்தான். பெண் என்று ஒருத்தி படியேறினால், பின்னால் பெட்டியோடு ஒருவர் மூச்சிரைக்க வந்தே தீர வேண்டும் என்பது அவர் கணக்கு.

"யாரும் வரல. நான் மட்டும்தான்."

"கல்யாணமா? ஆஸ்பத்திரியா?"

"ஒண்ணும் இல்லீங்க. சும்மா வந்தேன்."

சும்மா! அந்தச் சொல் நேராக வயிற்றில் விழுந்து பற்றிக்கொண்டது. வந்தவள் சின்னப் பெண்ணாகவோ பெரிய பணக்காரியாகவோ இருந்திருந்தால் மனசு ஆறியிருக்கும். இவளுக்கோ தன்னைப் போலவே காதோரம் நரை, தன்னைப் போலவே குதிகாலில் வெடிப்பு. தன்னையே யாரோ பிரித்தெடுத்து ஊர் சுற்ற அனுப்பிவிட்டுத் தன்னை மட்டும் இங்கே கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. அந்த நிமிஷமே அவளுக்குச் 'சும்மாக்காரி' என்று மனதுக்குள் பெயர் வைத்துவிட்டார்.

"கடல் தெரியற ரூம் இருந்தா குடுங்களேன்."

மேல்மாடி அறை காலியாகத்தான் இருந்தது. காலையில்தான் பெருக்கியிருந்தார். ஆனால் வாய் தானாகவே சொன்னது: "இருக்கு, ஆனா பூட்டு துருப்பிடிச்சு மாட்டிக்கிச்சு. பின்பக்க ரூம்தான் தர முடியும்."

பின்பக்க அறை ஜன்னலைத் திறந்தால் எதிரே தையல்கடை, கீழே தண்ணீர் மோட்டார். சும்மாக்காரியின் முகம் சுருங்கும் என்று சாவியக்கா காத்திருந்தார். அது சுருங்கவில்லை.

மதியம் தண்ணீர் கொண்டுபோனபோது, அவள் ஜன்னல் திண்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, இங்க வந்து பாருங்க. அந்தத் தையல்காரர் காலையிலேர்ந்து ஒரே சட்டையத் தச்சுத் தச்சுப் பிரிக்கிறாரு. ஒரு கை நீளமாப் போச்சு போல!"

வெளியே போகும்போதெல்லாம் அந்தக் கடையைத் தாண்டிப் போகிற சாவியக்கா, தையல்காரருக்கு வழுக்கை என்பதை அன்றுதான் கவனித்தார்.

இன்னும் கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், பட்டப்பகலில் தூக்கம்! பழக்கதோஷத்தில் சாவியக்கா இரண்டு தலையணை வைத்திருந்தார். ஒன்று அவள் தலைக்கடியில். வராத ஆளுக்கு வைத்த இன்னொன்று காலுக்கடியில். அதைப் பார்த்ததும் எரிகிற வயிற்றில் எண்ணெய் ஊற்றிய மாதிரி ஆயிற்று.

கீழே நாத்தனார் நிமிர்ந்து பார்த்தார். "என்ன, மூஞ்சி இஞ்சி தின்ன குரங்காட்டம் இருக்கு?"

"ஒருத்தி வந்திருக்கா அண்ணி. சும்மா வந்தாளாம்."

"வரட்டுமே. கடல் ரூம் குடுத்தியா?"

"பூட்டு மாட்டிக்கிச்சு அண்ணி."

"இன்னிக்குக் காலையிலதானே பெருக்கின?"

அந்த நேரம் பார்த்துச் சும்மாக்காரி படியிறங்கி வந்தாள். நாத்தனார் விடவில்லை, சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு இருவரையும் மேலே கூட்டிப்போனார். சாவியைத் திருகினார், குலுக்கினார், பூட்டைத் திட்டினார். கதவு அசையவில்லை! சாவியக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நிஜமாவே மாட்டிக்கிச்சே. ஆளைக் கூப்பிட்டு உடைச்சிட வேண்டியதுதான்."

உடைப்பதா? சாவியக்காவுக்கு மனசு பொறுக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக் கதவை லேசாகத் தூக்கிச் சாவியைத் திருப்பினார். அந்தக் கதவு அப்படித் தூக்கினால்தான் திறக்கும். அது அவருக்கு மட்டுமே தெரியும். கதவு திறந்துகொண்டது. எதிரே கடல் முழுசாக, வெட்கமில்லாமல், பளபளவென்று கிடந்தது.

சாவியக்கா தரையைப் பார்த்தார்.

"உங்க பேச்சை மட்டும் கேக்குதே இந்தப் பூட்டு" என்றாள் சும்மாக்காரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "எனக்குப் பின்பக்கமே போதும். அந்தச் சட்டை முடியுதான்னு பாக்க வேணாமா? இப்ப கடற்கரைக்குப் போறேன். நீங்களும் வாங்களேன் அக்கா."

"போய்ட்டு வாயேன்" என்றார் நாத்தனார் பெரிய மனசோடு. "பாவம், அவங்களுக்கும் ஒரு துணை ஆச்சு."

அங்கேதான் சாவியக்காவுக்குத் தன் வயிறு எதற்கு எரிகிறது என்று புரிந்தது.

"நான் வரலம்மா. இப்ப வந்தா துணைக்கு வந்ததா ஆயிடும்."

சும்மாக்காரி ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். தலையாட்டினாள். படியிறங்கிப் போனாள்.

சாவிக்கொத்து நாத்தனார் கையிலேயே இருந்தது. சாவியக்கா அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

"அண்ணி, நாளைக்கு மத்தியானம் நான் இருக்க மாட்டேன்."

"ஏன், எங்க போற?"

"கடலுக்கு."

"எதுக்கு?"

"சும்மா."

"யாரு கூட?"

"பின்னாடி யாரும் வரல."

நாத்தனாரின் முகம் மாறியது. "அதென்ன சும்மா? எனக்கு மட்டும் கால் இல்லையா, கடல் இல்லையா?" என்று முணுமுணுத்தார். அந்த முணுமுணுப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்பது சாவியக்காவுக்கு நன்றாகவே தெரியும். காலையிலிருந்து தன் வயிற்றில் எரிந்த அதே தீதான்!

மறுநாள் போனார். அலையோரம் உட்கார்ந்தார். "என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணுமே பண்ணல! மணல்ல கால நீட்டினேன். அவ்வளவுதான்" என்றார். சொல்லும்போது அவர் கண் நிறைந்துவிட்டது, எனக்கும்தான். இப்போது வாரம் ஒரு மத்தியானம் அவர் விடுதியில் இருப்பதில்லை.

நீங்கள் அந்தப் பக்கம் போனால் அவசியம் அங்கே தங்குங்கள். மேல்மாடி அறையையே கேளுங்கள். நாத்தனார் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றால், கதவை லேசாகத் தூக்கச் சொல்லுங்கள்; சாவியக்கா எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள். காரணமில்லாமல் எங்குமே போகாத ஓர் அக்காவோ அண்ணியோ உங்கள் வீட்டிலும் இருப்பார். அவருக்கு இதை அனுப்புங்கள். துணைக்கு நீங்களும் கிளம்பிவிடாதீர்கள்!