அடமானம் வைத்த காயின்

சிவகாசியில் காலண்டர் அச்சகம் நடத்துகிறேன். யாரையும் எளிதில் நம்பாதவன் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. அடகுக்கடைக்குப் போனால் தராசைக்கூட இரண்டு முறை பார்ப்பேன். அந்த நான்தான் போன சீசனுக்குக் காகிதம் வாங்க, சேர்த்து வைத்திருந்த பிட்காயினை ஒரு செயலியில் அடமானம் வைத்துக் கடன் வாங்கினேன்.

ஒருநாள் காலையில் திறந்து பார்த்தால், காயினில் பெரும்பகுதியைக் காணோம். என்னைத் தவிர என் போனைத் தொடுகிற ஒரே ஆள் டிசைன் செய்யும் செல்வி. ஆர்டர் படங்களை அதிலிருந்துதான் எடுப்பார். எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"என் காயினை யாருக்கு மாத்தி விட்ட?"

செல்வி போனை வாங்கி, நான் படிக்காமலே ஒப்புக்கொண்ட நிபந்தனைகளைத் திறந்தார்.

"காயின் விலை எறங்குனா, மேல கொஞ்சம் அடமானம் வைக்கணுமாம் அண்ணாச்சி. வைக்கலைன்னா கேக்காமலே வித்து, கடனைக் கழிச்சுக்கிடுவாகளாம். முந்தாநாளே எச்சரிக்கை வந்திருக்கு. நீங்கதான் பாக்காம விட்டுட்டீக."

அடகுக்கடைக்காரர்கூட ஏலத்துக்கு முன் ஆள் அனுப்புவார். அவரைத்தான் இத்தனை வருடமும் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டேன். "சரி அண்ணாச்சி" என்றார். வேலையை விட்டும் போகவில்லை. ஆனால் இப்போது என் போன் அவர் மேசைக்குப் பக்கத்திலேயே அடித்தாலும் தொடுவதில்லை. எழுந்து வந்து, மெஷின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி என்னைக் கூப்பிடுகிறார்.