சுற்றுவழிக்காரர்

கயிற்றை இரண்டு விரலால்தான் பிடிப்பார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், ஊசியில் நூல் கோக்கப் போகிறவரைப் போல. மறுநுனியில் ஒரு மாடு, சில நாள் இரண்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் வரும். "கயித்த இறுக்கிப் புடிக்கிறவன் தரகன் இல்ல சார், திருடன்" என்பார். "இழுத்தா அதுக்குத் தெரிஞ்சு போயிடும். சும்மா நடந்தோம்னா, நம்ம ஆளுதான்னு நினைச்சுக்கிட்டு அதுபாட்டுக்கு வரும்." சொல்லிவிட்டுச் சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது. அவருக்கும் பிடிக்காது என்றுதான் நினைக்கிறேன்.

மாட்டுத் தரகர். சுத்துவழி என்று கேட்டால் சுற்றுவட்டாரத்தில் சின்னப் பிள்ளைகூட அடையாளம் காட்டும். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் வாய்க்கால் கரை, சோளக்காடு, வரிசையாக மூன்று ஊர், அப்புறம் மேட்டு நிலம் என்று பெரிதாக ஒரு வட்டம் போட்டுச் சாயங்காலம் வீடு வந்து சேருவார். போன வழியிலேயே திரும்பி வந்தால் பாதி நேரம் மிச்சம். செத்தாலும் செய்ய மாட்டார்.

காரணம் கேட்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தடவை திரும்பினாராம். வாங்கிய பசு தன் வீட்டைக் கண்டதும் நேரே உள்ளே போய்விட்டது. "அந்த வீட்டம்மா ஓடி வந்து அது கழுத்தக் கட்டிக்கிச்சு. நான் கயித்தப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன். மனுசன் நிப்பானா சார் அந்த இடத்துல? அன்னைக்கு முடிவு பண்ணேன். வித்தவங்க வாசல்ல ஒரே நாள்ல ரெண்டாவது தடவ கால் வைக்கறதில்ல."

சர்க்கரைக்காக என்னை நடக்கச் சொன்னார் டாக்டர். தனியாக நடந்தால் இரண்டாவது நாளே போர்த்திப் படுத்துவிடுவேன் என்று தெரிந்து இவரோடு சேர்ந்துகொண்டேன். என் புது ஷூவைப் பார்த்துவிட்டு, "நீங்க இளைக்கறதுக்காக நடக்கறீங்க. நம்ம கூட வர்றதுங்க இளைச்சுட்டுத்தான் நடக்குதுங்க" என்றார்.

இரண்டு வருஷமாக மழை இல்லை. வாய்க்காலில் கால் நனையாமல் குறுக்கே நடக்கலாம். சோளக்காடு என்று பேச்சுக்குச் சொல்கிறேன். முழங்கால் உயரத்தில் தாள்கள் நிற்கின்றன, தொட்டால் பொடியாகின்றன. முதல் ஊரில் இவர் தலை தெரிந்ததும் ஒரு பெண் இடுப்புக் குழந்தையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நடு ஊர் டீக்கடை பெஞ்சில் இவர் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர் எழுந்துவிட்டார். "என்னைய ஆமைங்கறாங்க சார். நுழைஞ்ச வீடு விளங்காதாம். இவங்க கதையில ஆமை தானா வரும். இங்க இவங்களே போன் போட்டுல்ல ஆமையக் கூப்பிடறாங்க!" என்று டீயை ஊதினார். கடைக்காரர்கூடச் சிரிக்கவில்லை.

சிரிக்கவும் திட்டவும் அவருக்கு மிச்சம் இருப்பது ஓர் அக்கா. மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. முட்டுச் சந்தின் முனையில் அக்கா வீடு, உள்ளே கடைசியில் இவர் வீடு. நடுவில் ஒரே ஒரு சுவர். சாயங்காலமானால் அந்தச் சுவருக்கு மேலே ஒரு தட்டு வரும், கூடவே குரலும் வரும்: "கையக் கழுவுனியாடா, பாவி?" தொழிலைச் சொல்கிறார். இவரும் தினம் ஒரே பதில்தான்: "தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவிட்டேன், குடு." அந்தத் தட்டு இல்லையென்றால் இந்த மனிதரிடம் ஒரு நாளைக்கு ஒரு நல்ல வார்த்தை பேச ஆள் கிடையாது.

அக்காவிடம் ஒரு பசு. சின்னவள் என்று கூப்பிடுவார். மேய்ந்துவிட்டு வந்தால் தகரக் கதவை நெற்றியால் முட்டும். "வர்றேன், வர்றேன், தகரத்த உடைச்சிடாதடி!" என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டுக்கொண்டே அக்கா தண்ணீர் வாளியோடு வருவார். நடந்து முடித்துத் திரும்பும்போது நான் கேட்காத நாளில்லை.

சென்ற வாரம் ஒரு நாள் காலையில் நான் ஷூ மாட்டிக்கொண்டு போனபோது, அக்கா தன் வாசலில் தம்பிக்கு எதிரே நின்றிருந்தார். சின்னவளின் கயிறு அக்கா கையில். கொட்டகையில் கூரை இல்லை. பிய்த்துப் பிய்த்துத் தீனியாகப் போட்டாயிற்று. பசுவின் இடுப்பெலும்பு தோலைக் குத்திக்கொண்டு நின்றது.

"நேத்து அதால எந்திரிக்க முடியல. ரெண்டு பேரு தூக்கி விட்டாங்க" என்றார் அக்கா. "படுத்துக் கெடந்து சாகறத என்னால பாக்க முடியாது. நீயே கூட்டிட்டுப் போ. வேற எவன் கையிலயும் குடுக்க மாட்டேன்."

தரகர் கையை நீட்டவில்லை.

"புடிடா. ஆனா ஒண்ணு. அது லாரிக்குப் போறது என் கண்ணுல படக் கூடாது. பட்டுச்சுன்னா இந்த ஜென்மத்துல உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

"படாதுக்கா" என்று கயிற்றை வாங்கினார். அக்கா உள்ளே போய் ஜன்னலைக்கூடச் சாத்திக்கொண்டார்.

அடிமாட்டு லாரி எப்போதும் சாயங்காலம் அவர் வீட்டுக்குத்தான் வரும். மாடு ஏறுவதற்கு வாகாக அங்கே மண்மேடு போட்டு வைத்திருக்கிறார். அதுவரை பசுவை அங்கேயே கட்டிப்போடலாமே என்றேன். "கட்டினா நாள் பூரா சுவத்தப் பாத்துக் கத்தும் சார். அந்தப் பக்கம் அக்கா காதப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கணுமா?" என்று அதையும் நடத்திக்கொண்டே கிளம்பினார். திட்டமும் வைத்திருந்தார். வாய்க்கால் கரையை ஒட்டி லாரியை நிறுத்திவிட்டால், கரையிலிருந்து அப்படியே ஏற்றிவிடலாம். சந்துக்குள் திரும்ப வேண்டியதே இல்லை.

வழியெல்லாம் சின்னவள் நின்று நின்று வந்தாள். அவர் அதட்டவில்லை, நிற்கும்போதெல்லாம் தானும் நின்றார். கடைசி ஊரில் இன்னொரு மாடு சேர்ந்தது. அதன் கயிற்றை என்னிடம் கொடுத்தார். இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தேன். அவர் சொன்னது நிஜம், அதுபாட்டுக்கு வந்தது.

மேட்டு நிலத்தில் நின்று டிரைவருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் டிரைவர் குரல் கேட்டது.

"கரை இடிஞ்சு கெடக்கு தரகரே. ஒரு பக்கம் சக்கரம் எறங்கினா வண்டி சாஞ்சுடும். நான் உங்க வீட்டுக்கே வந்துட்டேன், மண்மேட்ட ஒட்டி நிறுத்திட்டேன். சீக்கிரம் வாங்க."

"தம்பி, கொஞ்சம் பாருப்பா. கல்லு கில்லு வச்சாவது..."

"என் பொழப்புல மண்ணப் போடாதீங்க தரகரே."

போனைப் பையில் போடத் தோன்றாமல் கையிலேயே வைத்திருந்தார். "வட்டம் போட்டா போட்ட எடத்துக்குத்தான வந்து நிக்கும்" என்றார். என்னிடம் சொன்னதுபோல் இல்லை. நான் முன்னால் போய் அக்காவிடம் பேச்சுக் கொடுக்கிறேன் என்றேன். "வேணாம் சார். நீங்க கூப்பிட்டா வெளிய வந்துடும். கதவச் சாத்திக்கிட்டுத்தான இருக்கு, சத்தம் போடாம நாலு எட்டுல தாண்டிடலாம்" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குச் சாமி கும்பிட வேண்டும்போல் இருந்தது.

சந்து முனைக்கு வந்தோம். ஜன்னல் சாத்தியபடியே இருந்தது. அவர் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நாளெல்லாம் தள்ளாடி வந்த சின்னவள் காதை நிமிர்த்தினாள். அவளுக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ, அவரைத் தாண்டிக்கொண்டு போனாள். இரண்டு விரலில் எந்தக் கயிறு நிற்கும்? கயிறு மண்ணில் இழுபட, நேரே போய்த் தகரக் கதவில் நெற்றியை வைத்து முட்டினாள்.

"வர்றேன், வர்றேன், தகரத்த உடைச்சிடாதடி!"

தரகர் என்னைப் பார்த்தார். ஐயோ, அந்த முகத்தை நான் என்ன சொல்லி எழுதுவேன். உள்ளே குடத்தைச் சரிக்கும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விலகியது. காலையில் தன் கையால் கொடுத்தனுப்பியதை அந்த ஒரு நிமிஷம் சுத்தமாக மறந்து, அக்கா பாதி வாளித் தண்ணீரோடு வெளியே வந்தார்.

"வந்துட்டியா சின்னவளே" என்றவர் கண், பசுவின் கழுத்தில் இருந்த கயிற்றைப் பார்த்தது. அப்படியே கயிற்றோடு மண்ணில் ஊர்ந்து, வெறுங்காலோடு நின்ற தம்பியிடம் வந்து நின்றது. சந்தின் கடைசியில் லாரியின் பின்கதவை இறக்கும் சத்தம் கேட்டது. அக்கா வாளியைக் கீழே வைத்தார். பசு மூச்சுவிடாமல் குடித்தது. கடைசியில் நாக்கு வாளியின் அடியைச் சுரண்டியது.

தரகர் குனிந்து கயிற்றை எடுத்தார். முஷ்டியில் ஒரு சுற்று சுற்றினார். அக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு சுற்றும் சுற்றி இறுக்கிக்கொண்டார்.